படித்து முடித்து வீடு திரும்பிய பிறகு வரும் அந்தச் சரிவு

மனநல ஆலோசகராக, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களையும் பார்க்கிறேன், படித்துவிட்டுத் திரும்பியவர்களையும் பார்க்கிறேன். போகிறவர்களிடம் பயம் இருக்கிறது. திரும்பியவர்களிடம் குற்ற உணர்ச்சி. "சொந்த வீட்டிலேயே இருப்புக்கொள்ளவில்லை, நான் நன்றி கெட்டவளா?" என்று கேட்கிறார்கள்.

நிச்சயமாக இல்லை. அமெரிக்காவில் தங்கிப் படித்த நார்வே நாட்டினரை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், புது நாட்டில் உற்சாகம், சரிவு, மெல்லத் தேறுதல் என்று மனநிலை மாறுவதாக 1955-இல் எழுதினார். ஊர் திரும்பிய பின்னும் இதே ஏற்ற இறக்கம் வருகிறது என்று 1963-இல் ஆய்வாளர்களான கலஹார்ன் தம்பதி சேர்த்தார்கள். இந்த ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னதுமே பலருக்கு முகம் தெளிகிறது.

போகும்போது வீடே சேர்ந்து ஆயத்தமாகிறது. திரும்பும்போது, "வீட்டுக்குத்தானே வருகிறாய்" என்று விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாணவி. (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.) வெளிநாட்டில் தனியாகத் தங்கி, தானே சமைத்து, காய்ச்சல் வந்தால் தானே மருத்துவரிடம் போய்வந்தவர். வீட்டுக்கு வந்ததும் "எங்கே போகிறாய், எப்போது வருவாய்" என்ற கேள்விகள். அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு, மகள் தன்னை ஒதுக்குகிறாள் என்று தோன்றியது. இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். மகளுக்கு வேண்டியிருந்தது மாலையில் கொஞ்ச நேரத் தனிமை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது, "வர நேரமாகும்" என்று போனில் ஒரு வரி. இதைச் சொல்லிக்கொள்ளாமலே இருவரும் மாதக்கணக்கில் புழுங்கியிருக்கிறார்கள்.

திரும்பியவர்கள் "அங்கே இப்படியெல்லாம் கிடையாது" என்று அடிக்கடி சொல்வார்கள். வீட்டாருக்கு அது குறை சொல்வதாகக் கேட்கும். பெரும்பாலும் அதன் அடியில் இருப்பது பிரிவின் துக்கம். தினமும் பார்த்த நண்பர்கள், தன் இஷ்டப்படி ஓடிய நாட்கள், அங்கே தான் ஆகியிருந்த ஆள், எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் போய்விட்டன. ஒப்பிடுவதை விட்டு, "அவர்களை நினைத்தால் அழுகை வருகிறது" என்று நேராகவே சொல்லிப் பாருங்கள். வீட்டார் பதில் சொல்லும் விதமே மாறும். அப்புறம், நீங்கள் இல்லாத வருடங்களில் வீட்டில் இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள். தம்பி வளர்ந்திருப்பான், தோழிக்கு வேறு வட்டம் அமைந்திருக்கும். உங்கள் கதையைச் சொல்வதோடு அவர்கள் கதையையும் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வந்த வாரமே வேலை, கல்யாணம் என்று ஆரம்பிக்காதீர்கள். நேர மாற்றத்துக்கு உடம்பு பழகவே சில நாட்கள் ஆகும். அந்த நாட்களின் எரிச்சலை வைத்துப் பிள்ளையை எடைபோட வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு இது நாளடைவில் சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் தூக்கமும் பசியும் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கக் கூடாது; அன்றே உதவி தேடுங்கள், தனியாக இருக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள் மருந்துச்சீட்டையும் மருத்துவக் குறிப்புகளையும் கையோடு கொண்டுவாருங்கள். ஊர் மாறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.