பல்லுக்கும் மீட்டருக்கும் நடுவே

நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வது டெல்டாவில் பழைய வித்தை. ‘டக்’கென்று முறிந்தால் காய்ந்துவிட்டது, நசுங்கினால் இன்னும் காய வேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, நெல்லைக் காயவைக்கும் டிரையரைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு இந்த வித்தையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. ஈரப்பத மீட்டர் மேசையில் சும்மா கிடக்கும். “அது எதுக்குண்ணே? பதினாலு வந்துருச்சு, இறக்கிடலாம்” என்பார். மறுநாள் அரைவையில் குருணையாகக் கொட்டும்.

புழுங்கல் அரிசிக்கு ஊறி அவிந்து வரும் நெல்லில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அதைச் சுமார் 14-க்குக் கொண்டுவர வேண்டும். ஈரம் நின்றால் அரிசி நசுங்கும், அதிகம் காய்ந்தால் நொறுங்கும். இரண்டு பக்கமும் நஷ்டம்தான். ஆனால் தம்பியிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். உமி நீக்கும் ஷெல்லரின் ரப்பர் ரோலர் தேய்ந்துவிட்டது, நெல்லே மழையில் நனைந்து வந்தது, நைட் ஷிஃப்ட் ஆள் தூங்கிவிட்டான். இரண்டு தடவை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். மூன்றாவது தடவை முன்னைவிட அழுத்தமாகவே “பதினாலு” என்றார்.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ‘டன்னிங்-க்ரூகர்’ என்பார்கள். 1999-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் தேர்வு வைத்து, “நீ எந்த இடத்தில் இருப்பாய்?” என்று அவர்களையே கேட்டார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் உண்மையில் நூற்றுக்குச் சுமார் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். தாங்களோ 62 பேரை முந்தியதாக நினைத்தார்கள். ஒரு வேலையைச் சரியாகச் செய்ய என்ன அறிவு வேண்டுமோ, அதே அறிவுதான் செய்தது சரியா என்று பார்க்கவும் வேண்டும். அது இல்லாதவருக்குத் தன் தப்பு எப்படித் தெரியும்?

இதை அப்படியே விழுங்கிவிடவும் வேண்டாம். எல்லோருமே தங்களைச் சராசரிக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டால், கடைசியில் இருப்பவருக்கு இடைவெளி தானாகவே பெரிதாகத் தெரியும். இதில் நிறைய கணக்கின் விளையாட்டு என்று பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எனக்கு உதவியது அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி. தர்க்கத்தில் கொஞ்ச நேரம் பயிற்சி கொடுத்ததும், பின்தங்கியவர்களே தங்கள் மதிப்பீட்டை இறக்கிக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை.

சரி, தம்பிக்கு ஏன் பல வருஷமாக இது நடக்கவில்லை? அவர் கடித்துச் சொல்வது இன்றைக்கு, குருணை விழுவது நாளைக்கு. அதற்குள் ரோலர், ரகம், மழை என்று நாலைந்து காரணங்கள் கலந்துவிடும். பலித்தது மட்டும் மனதில் நிற்கும், பலிக்காததற்கு வேறு யாராவது பொறுப்பு. அமெரிக்க வானிலைக்காரர்களைப் பாருங்கள். “மழைக்கு 70 சதவீத வாய்ப்பு” என்று அவர்கள் சொன்ன நாட்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பத்தில் சுமார் ஏழு நாள் மழை பெய்திருப்பதை 1970-களிலேயே ஆராய்ந்து காட்டினார்கள். அவர்கள் ஒன்றும் அடக்கத்தின் திருவுருவம் இல்லை. சொன்னது எண்ணாகப் பதிவாகிறது, மறுநாள் வானம் விடையைச் சொல்லிவிடுகிறது. அவ்வளவுதான்.

அதனால் டிரையர் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்லேட்டு மாட்டினேன். இரண்டே பத்தி: ‘பல்லு’, ‘மீட்டர்’. முதலில் கடித்துவிட்டு எண்ணை எழுத வேண்டும், அப்புறம்தான் மீட்டரைத் தொடலாம். நெல்லை ஆறவிட்டுத்தான் மீட்டரில் போட வேண்டும், சூடாகப் போட்டால் மீட்டரே தப்பாகக் காட்டும். தம்பி அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாதே! அவர் மட்டும் எழுதினால் தண்டனை மாதிரி ஆகிவிடும் என்று நானும் எழுதினேன்.

பத்து நாளில் ஸ்லேட்டு சொன்ன செய்தியை நான் எதிர்பார்க்கவில்லை. சி.ஆர். 1009 மாதிரி குண்டு ரகத்தில் அவர் பல் அரை, முக்கால் சதவீதத்துக்குள் நின்றது. என் பல்லைவிட அவர் பல் நல்ல பல். ஆடுதுறை 43 மாதிரி சன்ன ரகம் வந்தால் மட்டும் இரண்டு, மூன்று சதவீதம் தவறினார். குண்டு நெல்லில் பழகிய பல்லைச் சன்ன நெல்லிலும் அதே தைரியத்தோடு நம்பியிருக்கிறார். ஓர் இடத்தில் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கையை அடுத்த இடத்திலும் செலவழித்தார். நான் கத்தியபோது அவருடைய அந்த நல்ல பாதியையும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன். அவர் முறுக்கிக்கொண்டதில் நியாயம் இருந்தது.

இன்னொரு வழி, விளக்கச் சொல்வது. யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. ஜிப், பூட்டு, ஃப்ளஷ் டாய்லெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா எனக் கேட்டால் மக்கள் தங்களுக்கு நல்ல மார்க் போட்டுக்கொண்டார்கள். படிப்படியாக எழுதச் சொன்னதும் தாங்களே அதைக் குறைத்தார்கள். நானும் புதுப் பையன் ஒருவனைத் தம்பியிடம் விட்டு, “காற்று எங்கே சூடாகிறது, ஏன் நெல்லை இடையில் ஆறப்போடுகிறோம், எல்லாம் சொல்லிக்கொடுங்கள்” என்றேன். பாதியில் நின்று, “அது ஏன்னு கேட்டுச் சொல்றேன்டா” என்று பாய்லர்காரரிடம் போனார். அவர் வாயில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்றாவது மாதம் ஒற்றை எண்ணை நிறுத்திவிட்டு, “எதிலிருந்து எதுக்குள்ளே?” என்று கேட்க ஆரம்பித்தேன். “90 சதவீதம் நிச்சயம்” என்று சொல்லி ஓர் இடைவெளி தரச் சொன்னால், மனிதர்கள் தரும் இடைவெளிக்குள் உண்மை பல சோதனைகளில் பாதித் தடவைதான் விழுகிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. நானும் அப்படித்தான், என் பத்தியே சாட்சி.

தாளடி என்னும் இரண்டாம் போக அறுவடை நெல் வந்த ஒரு நாள், தம்பி நாலு நெல்லைக் கடித்தார், மென்றார், துப்பினார். ஸ்லேட்டில் ‘14–17’ என்று எழுதினார். கீழே பொடி எழுத்தில்: ‘சன்னம். மீட்டர் போடவும்.’