கடைசி பெஞ்சுக்கு பாதிதான் போய் சேருது

திருவள்ளூர் மாவட்டத்துல, ஆந்திரா எல்லையோரம் இருக்குற பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் தறி சத்தம் இல்லாத தெருவை பாக்குறது கஷ்டம், ஸ்கூல் ஜன்னல் வழியாவும் அது உள்ள வரும். அந்த மாதிரி ஒரு ஏழாங்கிளாஸ்ல சார் சொல்றார்: "கணக்கு நோட்டை எடு, புதுப் பக்கத்துல தேதி போடு, மார்ஜின் போடு, ரெண்டாவது கணக்கை விட்டுட்டு மூணாவதுல இருந்து போடு, முடிச்சவன் லீடர்கிட்ட காட்டு." பாதிப் பேரு ரெண்டாவது கணக்கைத்தான் போட்டுட்டு இருப்பாங்க. உடனே "சொன்ன பேச்சு கேக்குறதே இல்ல"ன்னு திட்டு விழும். எனக்கு இந்த திட்டுல உடன்பாடே கிடையாது, ஏன்னா பல நேரம் சொன்னது அந்தப் புள்ளைக்கு முழுசா போய் சேரவே இல்ல, சேர்ந்ததும் மண்டையில நிக்கல.

சத்தத்தை டெசிபல்னு ஒரு அலகுல அளப்பாங்க; சாதாரணமா பேசுனா ஒரு மீட்டர் தள்ளி சுமார் 60 டெசிபல் இருக்கும், திறந்த வெளின்னா தூரம் ரெட்டிப்பாகுறப்பல்லாம் 6 டெசிபல் குறையும். ரூமுக்குள்ள சுவர்ல பட்டு திரும்புறதால அவ்வளவு குறையாது, ஆனா அந்த எதிரொலியே ஒரு வார்த்தை மேல அடுத்த வார்த்தைய ஏத்தி கலக்கிடும். பாடம் நடக்குற ரூம்ல பின்னணி சத்தம் 35 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999லயே சொல்லிருக்கு, வாத்தியார் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூட இருக்கணும்னு கேட்டல் நிபுணர்கள் சொல்றாங்க. தறி, ஃபேன், பக்கத்து கிளாஸ் வாய்ப்பாடு எல்லாம் சேர்ந்தா அது எங்க நடக்கும்? விட்டுப்போன எழுத்தை பெரியவங்க மூளை ஊகிச்சு நிரப்பிக்கும், இந்த வயசுல அந்தத் திறமை இன்னும் வளர்ந்துட்டுதான் இருக்கு. வீட்ல தெலுங்கு பேசிட்டு தமிழ் மீடியம் படிக்கிற புள்ளைங்களுக்கு இன்னும் சிரமம், ரெண்டாவது மொழியை இரைச்சல்ல புரிஞ்சுக்கிறது பெரியவங்களுக்கே கஷ்டம்.

அடுத்தது ஞாபகம். ஒரு வேலைய செய்யுறப்போ அதுக்கு வேண்டியதை கொஞ்ச நேரம் மனசுல வெச்சுக்கிறதுக்கு வேலை ஞாபகம்னு (working memory) பேரு. உளவியல் ஆய்வாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974ல விளக்குன இந்த ஞாபகத்துல, காதால கேட்டது மனசுக்குள்ள திரும்பச் சொல்லிக்கலன்னா ரெண்டு செகண்டு போல்தான் தங்கும். பெரியவங்களுக்கே ஒரு நேரத்துல நாலு விஷயம் போலத்தான் நிக்கும்னு இன்னொரு உளவியல் ஆய்வாளர் நெல்சன் கோவன் 2001ல எழுதினார். சார் சொன்னது அதுக்கு மேல, அதுவும் பையன் பைக்குள்ள நோட்டைத் தேடிட்டு இருக்கும்போது.

அதனால மொதல்ல நோட்டை எடுக்க விடுங்க, பை மூடி சத்தம் அடங்கட்டும், பெஞ்சுங்களுக்கு நடுவுல வந்து நின்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க. கணக்கு நம்பரை போர்டுல எழுதிடுங்க, அது அழியாம நிக்கும். அப்புறம் ஒரு புள்ளைய எழுப்பி என்ன செய்யணும்னு கேளுங்க, தெலுங்குல சொன்னாலும் பரவால்ல, பக்கத்துல இருக்குற நாலு பேரும் அதை இன்னொரு தடவை கேட்டுப்பாங்க.