ரேம் விலையும் வெங்காய விலையும்

"போன மாசம் சொன்ன விலை இப்போ இல்லையா சார்?" கடைக்கு வருபவர்கள் இதைச் சந்தேகத்தோடுதான் கேட்கிறார்கள். கணினி அசெம்பிள் செய்து விற்கும் எனக்கு அந்தச் சந்தேகம் புரிகிறது. பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. விலை ஏறிய காரணத்தை அவர்களுக்குச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

2011 அக்டோபரில் ஒரு பள்ளிக்கு 20 கணினிகளுக்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தேன். அவர்கள் சரி சொல்வதற்குள், தகவலைச் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்க்கின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. தாய்லாந்தில் பெருவெள்ளம். பாங்காக்குக்கு வடக்கே பாங் பா-இன் தொழிற்பேட்டையில் இருந்த, ஹார்ட் டிஸ்க் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரைச் செய்யும் நிடெக் நிறுவனத்தின் ஆலைகளும் தப்பவில்லை. அதனால் வெள்ளம் புகாத இன்னொரு ஹார்ட் டிஸ்க் நிறுவனமான சீகேட்டின் ஆலைகூட உதிரிபாகம் இல்லாமல் திணறியது. தண்ணீர் சில வாரங்களில் வடிந்தது. விலை வடிய ஓராண்டுக்கும் மேல் ஆனது. அந்தப் பள்ளி நிர்வாகி கடைசி வரை என்னை நம்பவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

வெள்ளம் எப்போதாவது வருவது. ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், அதன் விலையோ வெள்ளமே இல்லாமல் ஏறி இறங்கும், வெங்காயம் போல. விலை நன்றாக இருந்தால் எல்லோரும் வெங்காயம் போடுவார்கள், அறுவடை ஒரே நேரத்தில் வந்து குவியும், விலை சரியும், அடுத்த பருவத்தில் போடுபவர்கள் குறைவார்கள், மறுபடி ஏறும். ரேம் சிப்பில் இந்தச் சுற்று இன்னும் நீளம். புதிய ஆலை கட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். கட்டிய ஆலையிலும் ஒரு சிலிக்கான் தகடு சிப்பாக வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். உலகின் பெரும்பகுதி ரேம் சிப்புகளைச் செய்பவர்களோ மூன்றே பேர்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். 2023இல் சரக்கு தேங்கி விலை விழுந்தபோது மூவருமே உற்பத்தியைக் குறைத்தார்கள். அந்தச் சமயத்தில் வாங்கியவர்களுக்கு நல்ல விலையில் கிடைத்தது.

அப்புறம் செயற்கை நுண்ணறிவு வந்தது. அதற்கான சர்வர்களில் எச்.பி.எம். என்னும் தனிவகை நினைவகம் போடுகிறார்கள். ஒரே கொள்ளளவுக்கு, சாதாரண ரேமைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் அதற்குத் தேவை. லாபம் அங்கே இருப்பதால் ஆலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில், நாங்கள் ஆண்டுக்கணக்கில் விற்றுவந்த, தன் குரூஷியல் பிராண்டு ரேம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தது.

கிராபிக்ஸ் கார்டு கதையும் இப்படித்தான். கணினியில் கணக்குப் போட்டு எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் எடுக்க ஆட்கள் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாணயத்தின் முறை மாறி கார்டு தேவையில்லாமல் போனதும் பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் கொட்டின. நம் ஊரில் இத்தனைக்கும் மேலே டாலர் மதிப்பு ஒன்று இருக்கிறது. ரூபாய் சரிந்தால், வெளிநாட்டில் விலை அசையாவிட்டாலும் இங்கே ஏறும்.

விலை இறங்கட்டும் என்று எத்தனை நாள் காத்திருப்பது? படிப்புக்கோ வேலைக்கோ இப்போதே தேவை என்றால் காத்திருக்க வேண்டாம். எல்லாப் பாகங்களையும் பொருத்தும் பலகையான மதர்போர்டை, ரேமுக்கு இரண்டு இடம் இருக்கிறதாக வாங்கி, இப்போது ஒன்றைப் போடுங்கள். இன்னொன்றை விலை இறங்கியபின் சேர்க்கலாம். கொட்டேஷனில் எத்தனை நாள் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் பில்லில் இருக்கட்டும். விலை ஏறும் காலத்தில்தான் கழற்றிய ரேம் புதுசு என்ற பெயரில் கைமாறும். ஹார்ட் டிஸ்க் போலவே தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். உறையில் 1 டி.பி. (டெராபைட்) கொள்ளளவு என்று போட்டு, உள்ளே அதில் சிறு பங்கே இருந்தவற்றை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஓடாத பழைய கணினி இருந்தால், எடைக்குப் போடுமுன் உள்ளேயிருக்கும் ரேமைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். அதே வகை ரேம் எடுக்கும் இன்னொரு கணினிக்கு அது அப்படியே பொருந்தும்.