டெனமென்ட்: சொல்லும் கட்டடமும்

நியூயார்க் நகரத்துக்கு வந்து சேர்ந்த குடியேறிகளைப் பற்றி எதைப் படித்தாலும் டெனமென்ட் என்ற சொல் வந்துவிடும். தமிழில் அதைச் சேரி, குடிசைப் பகுதி என்று எழுதிவிடுகிறார்கள். இது பொருந்தவே பொருந்தாது. சேரி ஓர் இடத்தின் பெயர். டெனமென்ட் என்பது தனி ஒரு கட்டடம். செங்கல்லால் எழுப்பிய நாலைந்து மாடி. பெரும்பாலும் வாடகை வருமானத்துக்கென்றே முதல் போட்டுக் கட்டியது.

சொல்லின் வேர் லத்தீன். ‘தெனேரே’ என்றால் பிடித்திருத்தல், பற்றியிருத்தல். அதிலிருந்து இடைக்கால லத்தீனில் ‘தெனெமென்தும்’ உண்டாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்ட மொழிக்குள் போனது. அங்கே அதற்கு ஒருவர் மேலுரிமையாளரிடமிருந்து பெற்று அனுபவிக்கும் நிலம், வீடு போன்ற உடைமை என்று பொருள். வாடகைதாரரைக் குறிக்கும் ‘டெனன்ட்’டும் இதே வேரில் கிளைத்ததுதான். பழைய பத்திரங்களில் இந்தச் சட்டப் பொருளில் வந்தால் ‘பற்றுடைமை’ என்று எழுதலாம். ஏழ்மைக்கும் நெரிசலுக்கும் அந்தப் பொருளில் இடமே இல்லை.

அவை வந்து ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில். 1845இல் தொடங்கிய பஞ்சத்திலிருந்து தப்பி அயர்லாந்துக்காரர்களும், அவர்களையொட்டி ஜெர்மானியர்களும் பெருவாரியாக வந்து இறங்கினார்கள். ஒரே குடும்பத்துக்காகக் கட்டிய பழைய வீடுகளை அறை அறையாகத் தடுத்து அவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அதுவும் போதாமல் போனபோது, தொடக்கத்திலிருந்தே பல குடும்பங்களுக்கென்று கட்டடங்கள் எழுந்தன.

1867இல் மாநிலச் சட்டம் இதற்கு வரையறை தந்தது. மூன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகைக்கு இருந்து, தனித்தனியே வாழ்ந்து, அங்கேயே தமக்குத் தாமே சமைத்துக்கொள்ளும் கட்டடம் டெனமென்ட். பின்னால் மூன்று குடும்பங்கள் இருந்தாலே போதும் என்று ஆயிற்று. இதில் கவனிக்க வேண்டியது சமையல். சாப்பாட்டோடு அறை தரும் விடுதியை இந்த ஒரு நிபந்தனை விலக்கிவிடுகிறது. எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம் என்பதே கணக்கு.

அதே சட்டம் தீ விபத்தில் தப்ப வழியும், 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும் என்றது. ஆனால் காற்றும் வெளிச்சமும் வரவில்லை. காரணம் மனையின் அளவு: அகலம் 25 அடி, ஆழம் 100 அடி. இருபுறமும் அடுத்த கட்டடத்தின் சுவர். தெருப் பக்கமும் கொல்லைப் பக்கமும் தவிர வேறெங்கும் ஜன்னல் வைக்க முடியாது. உதாரணத்துக்கு, நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863இல் கட்டியது. ஒரு தளத்துக்கு நான்கு வீடுகள். ஒவ்வொன்றும் மூன்று அறையோடு சுமார் 325 சதுர அடி. முன்னறைக்கு மட்டும் நேர் வெளிச்சம்; அடுக்களையும் படுக்கையறையும் இருட்டு. 1863 முதல் 1935 வரை இருபதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,000 பேர் இங்கே வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்று அது அருங்காட்சியகம்.

1879 சட்டம் படுக்கையறைக்கும் ஜன்னல் கேட்டது. கட்டடத்தின் இடுப்பைச் சற்று ஒடுக்கி, பக்கத்துக் கட்டடத்துக்கு நடுவே குறுகலான காற்றுக்கூண்டு விட்டுக் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சிக்கான டம்பெல் போல இருந்ததால் டம்பெல் டெனமென்ட் என்று பெயர். ஒரு பக்கத்துக்கு 28 அங்குலம் விட்டால் காற்று எங்கே வரும்? மேல்மாடிக்காரர்கள் கொட்டிய குப்பை அடியில் தேங்கி நாறியது. எதிர்வீட்டுச் சத்தம் அப்படியே கேட்டது. தீப்பிடித்தால் அந்தக் கூண்டே புகைபோக்கியாகி நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. தீர்வென்று வைத்ததே ஆபத்தானது.

1901 சட்டம்தான் நிலைமையை மாற்றியது. கூண்டுக்குப் பதில் அளவான திறந்த முற்றம், புதிய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறை. 25 அடி மனையில் இதெல்லாம் செய்தால் வருமானம் கட்டாது என்பதால் மனைகளைச் சேர்த்து அகலமாகக் கட்டத் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களையும் திருத்தச் சொன்னதை எதிர்த்து உரிமையாளர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். அப்போது நகர மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் டெனமென்டில் இருந்தார்கள்: சுமார் 23 லட்சம் பேர். 1879க்கு முந்திய டெனமென்ட், 1879க்கும் 1901க்கும் இடைப்பட்ட ‘பழஞ்சட்ட’ டெனமென்ட், 1901க்குப் பிந்திய ‘புதுச்சட்ட’ டெனமென்ட் என்று கட்டடங்களை இன்றும் மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள்.

1880களிலிருந்து கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் தென் இத்தாலியர்களும் இவற்றை நிறைத்தார்கள். வாடகை கட்ட, இருந்த இடத்திலும் வெளியாள் ஒருவருக்குப் படுக்க இடம் விட்டார்கள். துணி தைப்பதும் சுருட்டு உருட்டுவதும் அந்த அறைகளிலேயே நடந்தன. டெனமென்டில் சுருட்டுத் தொழிலைத் தடுத்த சட்டத்தை 1885இல் நீதிமன்றம் செல்லாது என்றது.

இனி, தமிழ்ச் சொல். ‘அடுக்குமாடிக் குடியிருப்பு’ உயரத்தை மட்டுமே சொல்கிறது. வசதியுள்ளவர் வீட்டையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘லயம்’ தோட்டத் தொழிலாளருக்கு நிர்வாகம் தரும் வரிசை வீடு. அதில் வாடகைச் சந்தை இல்லை. ‘ஒண்டுக்குடித்தனம்’ நெருங்கி வரும் அருமையான சொல். ஆனால் ஒண்டுவது என்றாலே பிறருக்கென்று அமைந்த வீட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வது. தடுத்து வாடகைக்கு விட்ட பழைய நியூயார்க் வீடுகளுக்கு அது கச்சிதம். டப்ளின் நகரத்துப் பிரபுக்களின் மாளிகைகள் கூறுபட்டு டெனமென்ட் ஆனதற்கும் அதுவே சரி.

பல குடும்பங்களுக்கென்றே கட்டிய நியூயார்க் கட்டடத்துக்கு ‘பலகுடித்தன வீடு’ என்பதே என் தேர்வு. தனிக்குடித்தனம் போனார்கள் என்றால் தனி அடுப்பு மூட்டினார்கள் என்றுதான் தமிழில் அர்த்தம். 1867 சட்டம் வரி வரியாக விளக்கிய நிபந்தனை குடித்தனம் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வாடகையையும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘குடிக்கூலி’ என்ற பழஞ்சொல்லைச் சேர்த்து, ‘பலகுடித்தனக் குடிக்கூலி வீடு’ எனலாம்.

ஸ்காட்லாந்துக்கு மட்டும் இது ஆகாது. கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களில் மத்தியதர வகுப்பினரும் சொந்தமாக வாங்கி வாழும் கல் கட்டடங்களுக்கும் டெனமென்ட் என்றே பெயர். அங்கே ‘மாடிக் குடியிருப்பு’ என்று எழுதுங்கள்.