ஆன்டிஆக்சிடன்ட்: ஆக்சிஜனேற்றத் தடுப்பி

'ஆன்டி' என்றால் கிரேக்கத்தில் 'எதிராக'. 'ஆக்சிடன்ட்' ஆக்சிஜனிலிருந்து கிளைத்த சொல். ரப்பர் விரிசல் விடாமலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலும் காக்கும் பொருள்களுக்கு வழங்கிய தொழிற்சாலைச் சொல் இது. பிறகுதான் வைட்டமின்களுக்கு வந்தது.

தமிழில் 'ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்' என்றும் எழுதுகிறார்கள். கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிக்கும் எதிர்ப்பொருள் என்றே பெயர் இருப்பதால் குழப்பம் வருகிறது. நான் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' என்பேன். இலங்கை வழக்கில் 'ஒட்சியேற்றத் தடுப்பி'. சில மருத்துவக் குறிப்புகளில் வரும் 'நோய் எதிர்ப்புச் சக்தி' தவறு.

ஆக்சிஜனேற்றம் என்றால் ஒரு பொருள் எலக்ட்ரானை இழப்பது. தடுப்பி செய்யும் வேலை எலக்ட்ரானைக் கொடுப்பது. யாருக்குக் கொடுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தலசீமியா மேஜர் (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்த நோய்) உள்ள குழந்தைக்கு ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாதாரணமாக உடல் உணவிலிருந்து ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது 1, 2 மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியேற்ற உடலுக்கு வழியும் இல்லை. அது கல்லீரல், இதயம், நாளமில்லாச் சுரப்பிகளில் போய்ச் சேர்கிறது. அப்புறம், கட்டற்ற இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, செல்லையே அரிக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்குகிறது. ஃபென்டன் வினை என்பது இதுதான்.

இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஈ, சி இரண்டுமே பெரும்பாலும் குறைவாக இருக்கும். சரி, கொடுத்துவிடலாமே என்று தோன்றும். வைட்டமின் ஈ கொழுப்பில் கரைந்து செல் சவ்வைக் காக்கிறது. ஆனால் அதனால் ரத்தம் ஏற்றும் தேவை குறையும் என்று நம்பிவிடக் கூடாது. வைட்டமின் சி-யிடம்தான் கவனம் வேண்டும். அது இரும்புக்கே எலக்ட்ரானைக் கொடுத்து அதன் ஃபெரிக் வடிவத்தை ஃபெரஸ் வடிவமாக்குகிறது. ஃபென்டன் வினைக்கு வேண்டியதே ஃபெரஸ்தான். தேங்கிய இரும்பையும் அது கிளப்பிவிடும். இரும்பை அகற்றும் மருந்து இல்லாமல் அதிக அளவில் கொடுத்தால் இதயம் பாதிக்கப்படலாம். தடுப்பி என்ற பெயரோடு வந்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடுகிறது.

அதே குணம் மருத்துவருக்கு உதவுவதும் உண்டு. இரும்பை அகற்றும் மருந்தான டெஸ்ஃபெரியாக்சமின் தொடங்கிச் சில வாரம் ஆன பிறகு, குறைபாடு இருந்தால், மருந்து உடலில் ஏறும் நேரத்தில் கிலோ எடைக்கு 2, 3 மில்லிகிராமுக்கு மிகாமல் வைட்டமின் சி கொடுப்பார்கள். கிளம்பிய இரும்பை மருந்து பிடித்துக்கொள்ளும். சிறுநீரில் கூடுதலாக வெளியேறும். கடையில் விற்கும் 500 மில்லிகிராம் சப்பும் மாத்திரையை, மருத்துவரைக் கேட்காமல் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.