பயனியர்: முன்னோடியா, முதற்குடியேறியா?

அமெரிக்கச் சிற்றூர்களில் சாலையோரக் கல்மேடைகளில் பதித்த உலோகப் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கிலச் சொல் பயனியர் (pioneer). புதிய நிலத்துக்கு முதலில் போய்க் குடியேறியவர் என்ற பொருளில் அங்கே வழங்குகிறது.

சொல்லின் வேர் பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதிலிருந்து பிரெஞ்சில் காலாட்படை வீரனுக்குப் பெயர் வந்தது. பிறகு படைக்கு முன்னே போய் வழி வெட்டி, பள்ளம் தோண்டும் ஆளுக்கு அது நிலைத்தது. நம் ஆபீஸ் பியூனும் இதே வேரில் வந்தவர்தான். போர்ச்சுகீசியர் வழியாக வந்து சேர்ந்தார். 1780-இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய 2 பயனியர் அணிகளுக்கும் வழி வெட்டும் பொருளில்தான் அந்தப் பெயர். இன்றைய மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவு அவற்றிலிருந்து வளர்ந்தது.

யூட்டா மாநிலத்தில் இச்சொல்லுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். அங்கே பல ஊர்களில் பலகை வைத்த 'யூட்டா பயனியர்களின் மகள்கள்' சங்கம் 1901-இல் தொடங்கியது. அதில் சேர, தன் மூதாதையர் ஒருவர் 1869 மே 10-க்கு முன் அங்கே வந்திருக்க வேண்டும். கண்டத்தைக் கடக்கும் ரயில்பாதை இணைந்த நாள் அது. சொகுசாக ரயிலேறி வந்தவர் கணக்கில் சேர மாட்டார்!

தென்கிழக்கு யூட்டாவின் ப்ளஃப் ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். 1879-இல் கிளம்பிய, மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த சுமார் 250 பேர் 6 வாரத்தில் முடியும் என்று நினைத்த பயணம் 6 மாதம் இழுத்தது. கொலராடோ ஆற்றுக்கு மேலே இருந்த செங்குத்தான பாறைப் பிளவை வெடிவைத்து அகலப்படுத்தி, வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். 1880 ஏப்ரலில் ப்ளஃப் வந்தபோது ரயில்பாதைக்கு 11 வயது ஆகப்போகிறது. ஆனால் சொல்லின் பழைய பொருளுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

சரி, தமிழில் என்ன எழுதுவது? அகராதி தரும் 'முன்னோடி' ஒரு துறையில் புதுவழி காட்டியவருக்குக் கச்சிதம். குடியேறியவர்களுக்கு 'முதற்குடியேறிகள்' என்று போடத் தோன்றும், வேண்டாம். ப்ளஃப் வட்டாரத்தில் யூட், நவஹோ என்ற பூர்வகுடி மக்கள் அவர்களுக்கு முன்பே வாழ்ந்தார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னால் பியூப்லோ மக்களின் மூதாதையர் பாறை இடுக்குகளில் கல்வீடு கட்டியிருக்கிறார்கள். 'முன்னோடிக் குடியேறிகள்' ஓரளவு நியாயமானது. படைப்பிரிவைச் சொல்லும்போது 'வழி அமைக்கும் படை' என்று விரித்தே எழுதலாம்.

அந்தப் பலகைக்கு 'வரலாற்று நினைவுப் பலகை' போதும். 'நடுகல்' என்று சிலர் ஆசைப்படுவார்கள். அது இறந்த வீரனுக்கு நட்டு வழிபடும் கல்.