நெட்டில் போட்டுவிட்டால் பகிர்ந்ததாகிவிடுமா?

அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன வருடம் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஆண்டு மலர்கள், கோயில் தல வரலாறுகள், உள்ளூர் எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்புகள் என்று இருபது வருடச் சரக்கு. அத்தனையும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். "தம்பி, இத மொத்தமும் யூனிகோடா மாத்திக் குடுத்துருங்க. ஒரு நூலகத்துக்குக் குடுக்கணும். கன்வெர்ட்டர்தான் நெட்டுல ஃப்ரீயாவே கெடக்காமே" என்றார்.

கிடக்கத்தான் செய்கிறது. கிடப்பதை எல்லாம் எடுத்துவிட முடியாது என்பதுதான் அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு என்பது எல்லாக் கணினிகளும் ஏற்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பழைய எழுத்துருக்கள் அப்படி இல்லை. பாமினி எழுத்துருவில் திரையில் 'தமிழ்' என்று தெரிவது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துருவை மாற்றினால் ஐந்தும் அப்படியே பல்லிளிக்கும். இதற்கு ஓர் அட்டவணை போட்டு மாற்றிவிடலாம். அடுத்தது கொம்பு. 'சொல்' என்று அடிக்கும்போது முதலில் கொம்பு, பிறகு ச, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்திருப்பார்கள். யூனிகோடில் ச முதலில் வரும், ஒகரக் குறி பின்னால் வரும். இடம் மாற்றிப் போட வேண்டும். இதுவும் பெரிய வித்தை இல்லை.

உயிரை எடுப்பது ஔகாரம். அதன் வால் அச்சு அசல் ள மாதிரியே இருப்பதால், பழைய எழுத்துருக்களில் கொம்பு, க, ள என்று அடித்து 'கௌரவம்' ஆக்கிவிடுவார்கள். அதனால் கொம்பு போட்ட எழுத்துக்குப் பிறகு மொட்டையாக ஒரு ள வந்தால் அதை ஔகாரமாக மாற்று என்று நிரலில் விதி எழுதுவோம். கட்டுரைகளில் இந்த விதி அழகாக வேலை செய்யும். சிறுகதைக்குள் விட்டால் போச்சு. 'கெளம்பு' கௌம்பு ஆகும், 'மெளகாய்' மௌகாய் ஆகும், 'வெளங்கல' வௌங்கல ஆகும்.

தேடியபோது, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒருவருடைய நிரல் கிடைத்தது. அவர் இந்தப் பள்ளத்தில் எல்லாம் விழுந்து எழுந்தவர். பேச்சுவழக்குச் சொற்களுக்குத் தனிப் பட்டியலே வைத்திருந்தார். ஸ்ரீயைக்கூட விடவில்லை. 2005-இல் யூனிகோடில் ஶ சேர்ந்த பிறகு ஸ்ரீயை இரண்டு விதமாக எழுத வழி வந்துவிட்டது. பார்க்க இரண்டும் ஒன்றுதான், தேடினால் ஒன்று சிக்கும், மற்றது சிக்காது. தல வரலாறுகளில் பக்கத்துக்குப் பத்து ஸ்ரீ வருமே, அங்கே இது சின்ன விஷயம் இல்லை. அதற்கும் அந்த மனிதர் வழி செய்திருந்தார். கும்பிடலாம் போலிருந்தது.

ஆனால் எடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லும் உரிமம் என்று ஒரு வரி இல்லை. லைசென்ஸ் கோப்பும் இல்லை, விளக்கக் குறிப்பிலும் ஒன்றும் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

"யார் வந்து கேட்கப் போகிறார்கள், எடுத்துப் போட வேண்டியதுதானே" என்று நண்பர்கள் சொன்னார்கள். நூலகம் கேட்டது. பயன்படுத்திய மென்பொருள் எல்லாம் முறையான உரிமத்தோடு உள்ளவை என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலிலிருந்து நானே எழுத உட்கார்ந்தேன். பாதி நேரம் நிரலுக்குப் போகவில்லை, சிறுகதைகளைப் படித்து கெளம்புகளைப் பொறுக்குவதிலேயே போனது. ஒரு மனிதர் ஏற்கெனவே செய்து முடித்து உலகத்தின் முன்னால் வைத்துவிட்ட வேலைக்கு இன்னொருவருடைய மூன்று வாரம்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வைக்கிறது. எழுதிய நொடியே உரிமை வந்துவிடும், எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதியவர் வாழும் காலம் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பொதுவில் வைத்த நிரலை மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே நகல் வைத்துக்கொள்ளலாம் என்பதுவரைதான் கிட்ஹப்பின் விதியும் போகிறது. எழுத்தாளர்களுக்காவது, குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து அரசு நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. நம் கன்வெர்ட்டரை நாட்டுடைமை ஆக்க எந்த அமைச்சரும் வரப்போவதில்லை.

உரிமம் எழுதாமல் விட்ட அந்த கிட்ஹப்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. 2014-இல் நானே ஒரு சின்ன எழுத்துப்பிழைக் கருவி எழுதி, ஜிப் கோப்பாக டிரைவில் ஏற்றி, ஒரு குழுவில் இணைப்பைப் போட்டேன். "எல்லாரும் எடுத்துக்கோங்க" என்று ஒரு வரி, ஒரு சிரிப்பு முகம். சில மாதம் கழித்து ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். "அண்ணா, இத என் ப்ராஜெக்ட்ல சேக்கலாமா? லைசென்ஸ் என்னன்னு கைடு கேக்கறாங்க." அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஃப்ரீ என்று சொன்ன பிறகு என்ன கேள்வி என்று நினைத்தேன். கேட்ட ஆசிரியர்தான் சரி. எடுத்து என்ன செய்யலாம், மாற்றலாமா, விற்கும் பொருளில் சேர்க்கலாமா, பெயர் போட வேண்டுமா என்று நான் எதையும் சொல்லவில்லையே.

வலைத்தளம் என்பதே இன்று இப்படி ஊரெல்லாம் பரவிக் கிடப்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் காரணம். 1990-களின் தொடக்கத்தில் இணையத்தில் தகவல் தேட கோஃபர் என்ற முறைதான் கொடிகட்டிப் பறந்தது. அதை உருவாக்கிய மின்னசோட்டா பல்கலைக்கழகம், சர்வர் மென்பொருளுக்குச் சிலரிடம் கட்டணம் வாங்கப்போவதாக 1993-இல் அறிவித்தது. எவ்வளவு, யாருக்கு, நாளைக்கு நமக்கும் வருமா என்று பலரும் கையை இழுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்த செர்ன் ஆய்வகம், வலைக்கான அடிப்படை மென்பொருளைப் பொதுவுடைமையாக விடுகிறோம், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. கோஃபர் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் 2000-இல் அதையும் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் விட்டபோது எடுத்துக்கொள்ள ஆளில்லை.

சரி, உரிமம் எழுதுவது என்ன மலையைப் புரட்டும் வேலையா? எம்ஐடி உரிமம் ஒரு பக்கம்கூட வராது. பெயரையும் ஆண்டையும் போட்டு, லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பாகச் சேர்த்தால் முடிந்தது. என் பெயரை நீக்காதே, எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பது அதன் சாரம். உன் மாற்றங்களோடு பிறருக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் மூல நிரலையும் இதே உரிமையையும் கொடு என்பவர்களுக்கு ஜிபிஎல். எழுத்துரு செய்கிறவர்களுக்கு ஓஎஃப்எல் இருக்கிறது. கட்டுரை, பாடம், படம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ். அதை நிரலுக்குப் போடாதீர்கள், அந்த அமைப்பே வேண்டாம் என்கிறது. அதிலும் 'வணிக நோக்கமின்றி' என்ற வகையை நம்மவர்கள் யோசிக்காமல் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏதோ பெரிய கம்பெனியைத் தடுக்கிறோம் என்று எண்ணம். அண்ணாச்சி அச்சகமும் வணிகம்தான், டியூஷன் எடுக்கிற டீச்சர் வேலையும் வணிகம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆபீஸ் வேலையாக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி முதலாளியுடையது. கேட்காமல் தூக்கிப் போடாதீர்கள். வாடிக்கையாளரின் கோப்பை மாதிரிக்கு என்று சேர்த்து ஏற்றுவதும் வேண்டாம்.

எங்கே வைக்கிறோம் என்பதிலும் கொஞ்சம் யோசிக்கலாம். தமிழ்க் கணிமையின் பழைய உரையாடல்கள் எத்தனையோ யாஹூ குழுமங்களில் நடந்தவை. 2020-இல் யாஹூ கடையைச் சாத்தியபோது, யாரும் எடுத்து வைக்காதவை போயே போய்விட்டன. இன்றைக்கு அதே இடத்தில் வாட்ஸ்அப் குழுக்கள். அருமையான தீர்வு ஒன்று காலை பதினொரு மணிக்கு வரும், மதியத்துக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும். எந்தத் தேடுபொறியும் அங்கே எட்டிப் பார்க்காது.

என் கன்வெர்ட்டரை எம்ஐடி உரிமத்தோடு போட்டேன். தமிழிலேயே விளக்கக் குறிப்பும் எழுதினேன். மூன்றாம் மாதம் தென்மாவட்டக்காரர் ஒருவர் சொற்பட்டியல் அனுப்பினார். வெளக்குமாறு, வெளஞ்ச என்று நான் விட்டவை நிறைய இருந்தன, அப்படியே சேர்த்துக்கொண்டேன். கடைசியில் ஒரு சொல் மட்டும் சிக்கிக்கொண்டது. அவர் ஊர்ப் பேச்சில் கிழவி 'கெளவி'. அதை விதிவிலக்காகச் சேர்த்தால், நாய் வாயில் கௌவிக்கொண்டு ஓடிய எலும்பு கெட்டுப்போகிறது. சேர்க்காவிட்டால் அவர் கதையில் வரும் பாட்டி கெட்டுப்போகிறாள். முன்பின் சொற்களைப் பார்த்து முடிவு செய்ய வைக்கலாம் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இதுவரை யாரும் செய்து பார்க்கவில்லை.